எடைபோடும் குப்பைத்தொட்டி



தென்கொரியாவின் சியோல் நகரக் குப்பை 1978 முதல் 1993 வரை ஹான் ஆற்றங்கரையிலுள்ள நஞ்சிடோவில் மலை மலையாகக் குவிக்கப்பட்டது. அந்த இடம் பின்னர் பூங்காவாக்கப்பட்டு, உள்ளே உண்டாகும் மீத்தேன் வாயுவும் குழாய்வழி எடுத்துப் பயன்படுத்தப்படுகிறது. ஆயினும் மூடிய கிடங்கைச் சீராக்குவதைவிடக் புதிய குப்பை கிடங்குக்கே போகாமல் தடுப்பதே கடினமான வேலை என்பதால், தென்கொரியா அதிலேயே கூடுதல் கவனம் செலுத்தியது.

அங்கே பெருஞ்சிக்கல் உணவுக் கழிவு. சோற்றுடனும் சூப்புடனும் பல கிண்ணங்களில் தொடுகறிகளைப் பரப்பிவைத்து உண்ணும் வழக்கத்தால் மிச்சம் மிகுதி. அதில் பெரும்பங்கு நீர், உப்பும் அதிகம். காற்றுப் புகாத மண்ணுக்கடியில் அது புதையும்போது நுண்ணுயிரிகள் அதை அழுகச்செய்து மீத்தேனை வெளியிடுகின்றன. கழிவிலிருந்து வடியும் கரிய கசிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஆகவே 2005இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பது தடைசெய்யப்பட்டது. அதைப் பிழிந்தெடுத்த நீரைக் கடலில் கொட்டுவதும் 2013இல் நிறுத்தப்பட்டது.

பொதுக் குப்பைக்கு 1995 முதலே அரசு விற்கும் பைகளில் மட்டும் போட வேண்டும், பையின் விலையே கட்டணம் என்ற முறை இருந்தது. உணவுக் கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம் நாடெங்கும் வந்தபோது, அடுக்குமாடிகளில் எல்லாரும் ஒரே தொட்டியைப் பயன்படுத்துவதால், யார் எவ்வளவு போட்டார் என்பதை அறியும் வழி தேவைப்பட்டது. அதற்காக வந்ததே எடைபோடும் தொட்டி. சுங்கச்சாவடியில் நிற்காமல் கட்டணம் செலுத்த உதவும் ஃபாஸ்டாகில் உள்ள ஆர்.எஃப்.ஐ.டி., அதாவது ரேடியோ அலைவழி அடையாளம் காட்டும் சில்லு, இங்கே அட்டைக்குள் இருக்கிறது. குடியிருப்பவர் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கழிவைக் கொட்டியதும், தொட்டியின் அடியிலுள்ள தராசு முன்னிருந்த எடையைக் கழித்து, புதிதாகச் சேர்ந்த எடையைத் திரையில் காட்டும். அதற்குரிய தொகை அந்த வீட்டின் கணக்கில் ஏறும். தொகை சிறியதுதான். எனினும் தன் வீட்டு மிச்சத்தின் எடையை ஒவ்வொருவரும் கண்ணால் காண்பதுதான் இக்கருவியின் உண்மையான பலம் என்று கொள்ளலாம். நீருக்கும் எடை உண்டு என்று உணர்ந்த வீடுகளில் சல்லடையில் வடித்தபின்பே கழிவைக் கொட்டுகிறார்கள்.

கழிவு போய்ச்சேரும் ஆலையில் அதை அரைத்து, பிழிந்து, உலர்த்தித் தீவனமாகவோ உரமாகவோ ஆக்குகிறார்கள்; காற்றில்லாத கலன்களில் நொதிக்கவைத்து எரிவாயுவும் எடுக்கிறார்கள். கால்நடைக்கு ஆகாதவை இதில் சேரக்கூடாது என்பதால் கோழி எலும்பு, முட்டையோடு, சிப்பியோடு, வெங்காயத்தோல் ஆகியவை பொதுக் குப்பைக்கே செல்லும். இவற்றைக் கண்டுபிடிக்கும் புலன் தொட்டிக்கு இல்லை. சமைப்பவர் கைதான் பிரித்தாக வேண்டும்.

1990களின் நடுவில் மிகச் சிறு பங்கே மறுசுழற்சிக்குச் சென்ற நாட்டில் இன்று உணவுக் கழிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறுபயன் பெறுகிறது. இது பெரும் சாதனை. ஆயினும் உப்பு மிகுந்த கழிவிலிருந்து வரும் உரத்தை உழவர்கள் விரும்பி ஏற்பதில்லை. பன்றிகளிடையே நோய் பரவும் அச்சத்தால் தீவனத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. இவ்விரண்டையும் எந்தத் தராசாலும் தீர்க்க முடியாது. ஆலையின் சுமையை மிச்சமாகாத உணவு மட்டுமே குறைக்கும்.