பயிற்சி வகுப்பில் கற்பிக்கும் முறை

பட்டு நெசவிற்குப் பேர்பெற்ற ஆரணியில், தறித்தொழில் பிரசங்கத்தால் கற்பிக்கப்படுவதன்று. மூத்தவர் அறுந்த இழையை முடிந்து காட்டுவார். இளையவர் தாமே முடிவார். பிழை நேரின் அக்கணமே திருத்தப்படும். விவசாயப் பயிற்சி வகுப்பு நடத்துவோர்க்கும் இதுவே வழியாகும்.

1903ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து டெரல் என்னும் ஊரில் சீமன் நாப் என்பவர் இதனை மெய்ப்பித்தார். சர்க்கார் பண்ணையில் விளைந்ததைக் காட்டினால், அது சர்க்கார் பணத்தால் விளைந்ததென்று குடியானவர் தள்ளிவிடுதல் இயல்பு. ஆதலின் போர்ட்டர் என்னும் விவசாயி தம் நிலத்தில் தாமே புதிய முறைகளைக் கையாளுமாறு அவர் ஏற்பாடு செய்தார். நஷ்டம் நேரின் ஈடு செய்ய ஊரார் பணம் திரட்டி வைத்தனர். ஆயினும் லாபமே கிட்டிற்று.

1919இல் சார்லஸ் ஆலன் என்பவர் தொழில் கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்தார். மாணவனை ஆயத்தப்படுத்தல், செய்து காட்டல், அவனைச் செய்யச் செய்தல், சோதித்தல் என்பன அவை. பட்டுப்புழு வளர்ப்பில் இவற்றை எவ்வாறு கையாளலாம் எனக் காண்போம்.

பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும். அப்பொழுது தழையிட்டால் படுக்கை ஈரமாகும், வளர்ச்சி ஒத்திராது, நோய் பரவிப் பல நாளைய தழையும் உழைப்பும் வீணாகும். இதனைக் கற்பிக்க:

1. தோலுரிப்பைப்பற்றி வந்திருப்போர் முன்னரே அறிந்தவற்றைக் கேட்டறிக.

2. தட்டினைக் கையில் கொடுத்து, உண்ணாது தலைநிமிர்த்தி அசைவற்றிருக்கும் புழுவைக் காட்டுக. தழையை நிறுத்தி, நீற்றிய சுண்ணாம்புத்தூளை மெல்லத் தூவிக் காட்டுக.

3. வேறொரு தட்டில் ஒவ்வொருவரும் தாமே அடையாளங் கண்டு, ஏன் தழையை நிறுத்துகிறார் எனச் சொல்லிக்கொண்டே செய்வாராக. ஏறக்குறைய எல்லாப் புழுக்களும் தோலுரித்த பின்னரே மீண்டும் தழையிடல் வேண்டுமென்பதையும் அவரே கூறட்டும்.

4. அடுத்த தோலுரிப்பின்போது அவரவர் புழு வளர்க்கும் மனைக்குச் சென்று, உதவாமல் நின்று பார்க்க.

ஒருவர் தவறினால் அவரைப் பலர்முன் கடிந்துரைத்தல் ஆகாது. நாணமுற்றவர் மறுமுறை ஐயம் கேளார். அவருடைய புழுக்களே அதன் பயனை அனுபவிக்கும். காட்டிய முறை தெளிவாயிருந்ததா என ஆசிரியர் தம்மையே முதலில் ஆராய்தல் நன்று.

கிராம அதிகாரிகள் வகுப்பு ஏற்பாடு செய்யுங்கால், ஒரு தட்டைச் சுற்றி நின்று காணத்தக்க சிலரையே ஒரு வேளைக்கு அழைப்பார்களாக. ஒரு நாளில் ஒரு வேலையைக் கற்பித்தலே போதுமானது. வந்தவர் தொகையை மட்டும் குறித்து அமையாமல், தாமே செய்து காட்டியவர் எத்தனைபேர் என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.