பிளாண்டேஷன் ஏயா, பீபெரியா, மலபாரா?

காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளில் இரண்டு பெயர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன: பிளாண்டேஷன் ஏ, பீபெரி. இரண்டையும் உயர்தரத்துக்கான முத்திரை என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் 'பிளாண்டேஷன்' என்பது பழத்தோலை உரித்து, வழவழப்பைக் கழுவி நீக்கிக் காயவைத்த அராபிகா, அவ்வளவுதான். 'ஏ' என்பது சல்லடை அளவு. ஏஏ அதைவிடப் பெரிய கொட்டை, பி சற்றுச் சிறியது. பீபெரி, பழத்துக்குள் இரண்டாக இருக்க வேண்டிய விதை ஒன்றாக உருண்டு திரண்டது. உருண்டை சீராக வறுபடும் என்பார்கள், இருக்கலாம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி, அரக்கு அராபிகாக்களுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் எங்கே விளைந்தது என்பதற்குத்தான் சாட்சி. அந்த வருட அறுவடை எப்படி என்று அது சொல்லாது.

ஸ்பெஷாலிட்டி காபி என்ற பெயருக்கு, பயிற்சி பெற்ற சுவைஞர்கள் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது தர வேண்டும் என்பது உலக அளவில் நெடுநாள் வழக்கம். அதற்கும் முன்பே 350 கிராம் பச்சைக்கொட்டையைப் பரப்பிப் பொறுக்கிப் பார்ப்பார்கள். முழுக்கக் கறுத்ததோ புளித்ததோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைசல் போன்ற சிறு குறைகளுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

வறுத்த கொட்டையை வாங்குகிறவரும் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கலாம். எல்லாம் பழுப்பேறியிருக்க, நடுநடுவே வெளிறியவை தெரிந்தால் அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. குடித்தால் வேர்க்கடலைத் தோல் வாடை அடிக்கும். ஊசியால் குத்தியது போன்ற துளை இருந்தால் அது காய்த்துளைப்பான் வண்டின் வேலை. எண்ணெய் மினுமினுத்தால் கறுக்க வறுத்திருக்கிறார்கள், அல்லது சரக்கு பழசு. கறுக்க வறுத்ததில் ஊர் ருசியைத் தேடுவது வீண். குடகும் அரக்கும் ஒரே கசப்பாகிவிடும்.

இனி எதை வாங்குவது? பாலில்லாமல் குடிப்பவர் என்றால் அரக்கு முதல் தேர்வு. ஆந்திரத்தின் கிழக்கு மலைத்தொடரில் பழங்குடி விவசாயிகள் மரநிழலில் வளர்க்கும் அராபிகா இது. 2017இல் பாரிஸில் இதன் பெயரிலேயே ஒரு கடை திறந்தது. மிதமாக வறுத்தால் பழவாசமும் மெல்லிய புளிப்பும் எழும். அந்தப் புளிப்பைப் பிடிக்காதவருக்கு இது காசுக்குக் கேடு.

பாபாபூதன்கிரி, சிக்மகளூர்ப் பக்கத்து எஸ் 795 ரகம் நடுவாந்தரம். பலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இந்த ரகத்தில் புளிப்பு அடக்கமாக இருக்கும், வாயில் கனமும் உண்டு. கறுப்பாகவும் குடிக்கலாம், பாலும் சேர்க்கலாம். முதன்முறை வாங்குகிறவர் இங்கே தொடங்குவது நல்லது.

மான்சூன்டு மலபார் தனி ரகம். பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் கடல் ஈரத்தில் ஊறிப்போன கொட்டையின் ருசிக்கு ஐரோப்பியர் பழகியிருந்தார்கள். சூயஸ் கால்வாயும் நீராவிக் கப்பலும் வந்து பயணம் சுருங்கியதும் அந்த ருசி போய்விட்டது. அதைத் திரும்ப வரவழைக்கத்தான் மேற்குக் கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் கொட்டையைத் தரையில் பரப்பி, பருவக்காற்று படும்படி கிளறிக் கிளறி விடுகிறார்கள். கொட்டை ஊதிப் பெருத்து, பச்சை போய் வைக்கோல் நிறமாகிறது. புளிப்பு ஏறக்குறைய மறைந்து, மண்வாசமும் கனமும் நிற்கின்றன. எஸ்பிரெஸோக் கலவைக்கு அருமையான சரக்கு. பழவாசம் தேடுகிறவர் இதை வாங்கிவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது பழைய பழக்கம். பழத்தோடு காயவைத்த ரோபஸ்டா செர்ரியில் முரட்டுத்தனம் உண்டுதான். கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா பார்ச்மென்ட், அதிலும் பொறுக்கி எடுத்த காபி ராயல், வேறு சங்கதி. காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நுரை கெட்டி, பால் ஊற்றினாலும் ருசி அமுங்காது. பில்டர் காபிக்கு எஸ் 795 மூன்று பங்கு, இது ஒரு பங்கு என்று கலந்தால் சிக்கரி இல்லாமலே டிகாஷன் திடமாக இறங்கும். சிக்கரி சேர்த்த தூளில் அதன் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். 49 வரை சேர்க்கலாம் என்பதால் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஏற்காடு, தாண்டிக்குடிச் சரக்கும் இப்போது தோட்டத்தின் பெயரோடு கிடைக்கிறது. ருசி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனை எளிது. மூன்று டம்ளர்களில் வெவ்வேறு தூள் தலா 11 கிராம், கொதி அடங்கிய வெந்நீர் தலா 200 மில்லி. நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்து, எழும் ஆவியை முகர வேண்டும். நுரையை வழித்துவிட்டு, சூடு தணிந்ததும் சத்தமாக உறிஞ்ச வேண்டும். கடைசி மடக்கு ஆறிய பிறகு. சூடு மறைத்து வைத்திருந்த குறையெல்லாம் அப்போது வெளிவரும். நல்ல காபி ஆறினால் இனிக்கும்.

எதை வாங்கினாலும் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், வறுத்த தேதி அச்சிடாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.