சான்றிதழை யார் பார்க்கப் போகிறார்கள்?

சைபர் பாதுகாப்பில் இணையவழி முதுநிலைப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அது மூன்றாவதாக விசாரிக்க வேண்டியது. அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக், 2019 ஜனவரியில் இந்தப் படிப்பை இணையத்தில் தொடங்கியபோதே மொத்தப் படிப்பும் 10,000 டாலருக்குள் என்று அறிவித்துவிட்டது. கான்பூர் ஐஐடி கேட் மதிப்பெண் கேட்காமலேயே இ-மாஸ்டர்ஸ் நடத்துகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களே இவ்வளவு இறங்கி வந்த பிறகு, படிக்க வந்தவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பணம் அல்ல. வாங்கிய பட்டம் போய் நிற்க வேண்டிய இடத்தில் செல்லாமல் போவது ஒன்று, வாரத்தில் நேரம் கிடைக்காமல் பாதியில் நின்றுபோவது இன்னொன்று.

ஆகவே முதல் வேலை, இந்தச் சான்றிதழை நாளை யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, பிஎச்டி என்றால் யுஜிசி அங்கீகாரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. முறையாக அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த அனுமதி குறிப்பிட்ட பல்கலைக்கழகத்துக்கு, குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட கல்வியாண்டுக்கு உண்டா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியியல் படிப்புகளை இணையவழியில் நடத்த யுஜிசியின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகம் ‘வீட்டிலிருந்தே எம்.டெக்’ என்று விளம்பரம் செய்தால் இரண்டு முறை யோசியுங்கள். எம்.எஸ்சி., எம்.சி.ஏ. என்ற பெயர்களில் தேடுவதே சரி. ஐஐடிகள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவதால் அவற்றின் கணக்கு வேறு. வெளிநாட்டுப் பட்டத்தை இந்திய அரசுப் பணிக்குக் காட்ட வேண்டுமானால் இணைத்தன்மைச் சான்று தேவைப்படும். படித்த முறை அங்கே கேள்வியாகும். ஜார்ஜியா டெக் பட்டத்தில் ‘இணையவழி’ என்ற சொல் இல்லாததால் அந்தக் கேள்வி மறைந்துவிடாது. தனியார் நிறுவனங்களோ, வெளிநாட்டு வேலையோதான் இலக்கு என்றால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

இரண்டாவது, நேரக் கணக்கு. ஜார்ஜியா டெக் படிப்பு 32 கிரெடிட். ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு 3 கிரெடிட் பாடம் ஒன்று என்று போனால் மூன்று ஆண்டில் 27 கிரெடிட்தான் ஆகும். கடைசியில் 5 கிரெடிட் செயல்முறைத் திட்டம் காத்திருக்கும். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு இதுவே நியாயமான வேகம். ஆனால் பருவந்தோறும் தனிக் கட்டணமும் உண்டு என்பதால், இழுக்க இழுக்கச் செலவும் ஏறும். கட்டணத்தை மூன்றாவதாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான்: வேகம் தெரியாமல் தொகை தெரியாது.

அடுத்து, பிரிவு. ஜார்ஜியா டெக் பட்டத்தில் தகவல் பாதுகாப்பு, கொள்கை, இயந்திரங்களைக் கணினி இயக்கும் சைபர்-பௌதிக அமைப்புகள் என மூன்று பிரிவுகள் உண்டு. கோடிங்கில் ஆர்வமில்லாத ஆடிட்டரோ சட்டம் படித்தவரோ கொள்கைப் பிரிவில் ஜொலிக்கலாம். தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகிறவர் விண்ணப்பிப்பதற்கு முன்பே பைத்தான், கொஞ்சம் சி மொழி, லினக்ஸ் கட்டளைகள், டிசிபி/ஐபி ஆகியவற்றில் கை பழகியிருக்க வேண்டும். நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்கு மேல் தரவைத் திணித்து நிரலின் போக்கையே மாற்றும் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ போன்றவை தொடக்கப் பாடத்திலேயே வந்துவிடும். சி தெரியாதவர் அங்கேயே தடுக்கி விழுவார். பயிற்சியைச் சொந்தக் கணினியில் வர்ச்சுவல் மெஷின் போட்டே செய்யுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினியில் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டும். தீய நோக்கம் இருந்ததென்று நிரூபணமானால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

‘இத்தனை பாடு எதற்கு, ஒரு சர்டிஃபிகேஷன் போதாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏறத்தாழ 24 மணி நேரம் செய்முறையாகவே நடக்கும் ஓஎஸ்சிபி தேர்வு, கைத்திறனுக்கு எந்தப் பட்டத்தையும்விடச் சிறந்த சாட்சி. சிஐஎஸ்எஸ்பி சர்டிஃபிகேஷனுக்குத் தேவையான ஐந்தாண்டு அனுபவத்தில் பட்டத்துக்காக ஓராண்டுதான் கழிப்பார்கள். அதைத் தொடர்புடைய துறையின் இளநிலைப் பட்டமே தந்துவிடும், முதுநிலையால் கூடுதலாக எதுவும் குறையாது. ஆனால் சர்டிஃபிகேஷன் கருவியைக் கையாளச் சொல்லித்தரும். ஒரு மறையாக்க முறை ஏன் நிற்கிறது, எங்கே உடையும் என்பதை அடியிலிருந்து கற்க, ஆய்வுக் கட்டுரையை வாசித்துச் சோதித்துப் பார்க்க, பருவக்கணக்கில் உட்கார வைக்கும் படிப்பு வேண்டும். வேலையில் நாலைந்து வருடம் இருந்து, அடுத்த படிக்கு நகர நினைப்பவருக்கு இது பயன்படும். கல்லூரி முடித்த கையோடு, ஒரு நாள் வேலை அனுபவமும் இல்லாமல் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு வருடம் ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் (எஸ்ஓசி) இரவுப் பணி பார்த்துவிட்டு வந்தால், பாடத்தில் எது முக்கியம் என்று தானே தெரியும்.

இவ்வளவும் தேறினால் பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே ஆள் பாருங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் பெயருக்குத்தான் எழுதித் தருவார்கள். இதற்கிடையில் எந்தப் படிப்புக்காவது ஆலோசகர் போன் செய்து, சலுகை இன்றிரவோடு முடிகிறது, முன்பணம் கட்டுங்கள் என்பார். முடியட்டும். முதலில் யுஜிசி பட்டியலைப் பாருங்கள்.