மஞ்சள் ஏலமும் வணிகர் சங்கமும்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அதற்கு விலை கிடைப்பது ஏலத்திலேதான். ஈரோடு வட்டாரத்துக் குடியானவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும், ஈரோடு, கோபிசெட்டிபாளையம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களிலும், மஞ்சள் வணிகர் சங்கத்தின் கூடத்திலும் தம் சரக்கை விற்கின்றனர். இறுதியில் கூறியதைப் பற்றியே நம்மிடம் பலர் ஐயம் எழுப்புகின்றனர்.

ஏல நாளையும் விடுமுறையையும் வகுத்தல், உறுப்பினருக்குள் எழும் வழக்கைத் தீர்த்தல், வரி முதலியன குறித்து அரசினரிடம் முறையிடுதல் ஆகியவை மொத்த வணிகர் சங்கத்தின் பணிகளாம். வணிகர் பலர் ஓரிடத்தில் மாதிரி பார்த்து விலை கூறுவதால் போட்டி ஏற்படுகிறது. இது குடியானவருக்கும் நன்மையே.

எனினும் அது வாங்குவோரின் சங்கம் என்பதை மறத்தலாகாது. கூடி ஏலம் கேட்போர் கூடி விலையையும் பேசிவிடுவரோ என்னும் அச்சம் வீணன்று. சந்தை முறைகேடுகளைத் தடுக்கவே 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திச் சந்தை அமைந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 1987ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவே விரலியையும் கிழங்கையும் தனித்தனியே பிரித்து, நன்கு உலர்த்தி, பிற கூடங்களின் விலையையும் விசாரித்த பின்னரே சரக்கை ஏலத்துக்கு வைத்தல் வேண்டும். விலை ஒவ்வாவிடில் விற்க மறுக்கலாம். ஆனால் வணிகரிடம் முன்பணம் வாங்கியவருக்கு இவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. நாம் பலமுறை கண்டது இது. அத்தகையோர் ஒழுங்குமுறைக் கூடக் கிடங்கில் மஞ்சளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். ஏல நாளன்று நான்கு கூடங்களின் விலையையும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க உறுப்பினர்கள் ஏற்பாடு செய்வார்களாக.