குளியலறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் நம் வீட்டுக் குளியலறையைச் சற்று உற்று நோக்குவோம். சுவர் மூலைகளிலும், டைல்ஸ் இடுக்குகளிலும், மரக்கதவின் அடிப்பக்கத்திலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கும். "அழுக்குப் படிந்துவிட்டது" என்கிறோம். அது வெறும் அழுக்கு அன்று, உயிருள்ள பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியிலும் பழைய ரொட்டியிலும் பூப்பது இதன் இனமே.

வளரும் விதம்

பூஞ்சணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை அறவே ஒழிக்க நம்மால் இயலாது. ஈரமும் உணவும் கிடைத்த இடத்தில் அவை முளைக்கும். சோப்புப் படிவும், உடல் அழுக்கும், மரமும் அவற்றுக்கு உணவு. 1928-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது ஒரு பூஞ்சணத்திலிருந்துதான். ஆயினும் வீட்டுச் சுவரில் வளரும் பூஞ்சணம் நமக்கு நன்மை செய்வதில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லைகள் மிகுதி என உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது.

அகற்றும் முறை

கதவையும் சன்னலையும் திறந்து வைப்போம். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கையுறை அணிவோம். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அருகில் இருக்க வேண்டாம். உலர்ந்த சுவரைத் தேய்த்தால் வித்துகள் பறக்கும். ஆகவே முதலில் சுவரை நனைக்க வேண்டும். பிறகு சோப்புக் கரைசல் தொட்டுத் தேய்த்துக் கழுவி, பழந்துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும். ஈரச் சுவரின் மேல் அப்படியே வெள்ளையடித்தால் கறை சில நாள் மறைந்திருந்து மீண்டும் வெளிப்படும்.

செய்யவே கூடாதது

பல வீடுகளில் பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் ஒரே மாடத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக வெளுக்கும் என எண்ணுவோர் உண்டு. வேதியியல் வகுப்பில் படித்ததை நினைவுகூர்வோம்: பிளீச்சிங் பவுடருடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் வீரர்களைக் கொன்ற வாயு அதுவே. அது காற்றைவிடக் கனமானது. ஆதலால் தரையோடு தங்கி, குனிந்து தேய்ப்பவரின் முகத்தைத் தாக்கும். ஆசிட்டுடன் மட்டுமன்று, வினிகருடனோ அம்மோனியா கலந்த திரவத்துடனோ கூட பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கலாகாது. நெடி ஏறினால் வேலையை அப்படியே விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வராமல் காத்தல்

எவ்வளவு தேய்த்தாலும், ஈரம் நின்றால் பூஞ்சணம் திரும்பி வரும். ஆகவே சொட்டும் குழாயைப் பழுது பார்ப்போம். காற்றுத் துளையை அடைத்திருக்கும் பழைய தாளையும் அட்டையையும் எடுத்துவிடுவோம். ஈரத்துண்டை வெளியே கொடியில் உலர்த்துவோம். சோப்புப் பெட்டியில் நீர் தேங்க விடாதிருப்போம். வெந்நீரில் குளித்தபின் ஆவி வெளியேறச் சன்னலைத் திறந்து வைப்போம்.

இவ்வேலையை அம்மா ஒருவருக்கே விட்டுவிடுவது முறையன்று. குளித்து முடித்த ஒவ்வொருவரும் தரையையும் சுவரையும் ஒரு முறை துடைத்துவிட்டு வந்தால், ஆசிட் புட்டிக்கு வேலையே இராது. இன்று மாலையே நம் வீட்டு மாடத்தைப் பார்த்து, அவ்விரண்டையும் தனித்தனியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்போம்.