புதிய இயங்குதளம் பயிலும் மாணவருக்கு

வகுப்பிற்காக ‘லினக்ஸ்’ பயில வேண்டும் என்று கேட்டதும் மாணவர் பலர் மலைத்துப் போகின்றனர். சிறு வயது முதல் விண்டோசில் பழகியவர்களுக்கு இது இயல்பே. ஆயினும் இம்மலைப்பு பாடத்தின் கடினத்தால் வருவதன்று. பழக்கம் மாறுவதால் வருவது. ஜவுளிக் கடையில் நின்ற பையன் மளிகைக் கடைக்குப் போனால் முதல் வாரம் தடுமாறத்தான் செய்வான். வியாபாரம் ஒன்றே, சரக்கு இருக்கும் இடமும் கடையின் ஒழுங்குமே வேறு.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் நினைவகம், வட்டு, திரை முதலியவற்றை எந்த வேலைக்கு எப்பொழுது கொடுப்பது என்று பங்கிட்டு நடத்தும் நிர்வாகியே அது.

லினக்ஸைத் தொடங்கியவரும் ஒரு மாணவரே. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1990-இல் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வகுப்பில் பயின்றார். மறு ஆண்டு சொந்தக் கணினி வாங்கி, பாடத்திற்கென எழுதப்பட்ட மினிக்ஸை அதில் ஓட்டிப் பார்த்தார். அது போதாமற் போகவே, தாமே ஒன்றை எழுதலானார். 1991 ஆகஸ்டில் அதனை அறிவித்தபோது அவருக்கு வயது 21. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் லினக்ஸே. அதை அறியோம் என்பவர் பலரின் சட்டைப் பையிலும் அது இருக்கிறது!

இனி, மாணவர் மனத்திற் கொள்ள வேண்டியவை:

1. இடம் அறிதல்: விண்டோசில் சி, டி என்று தனித்தனி அறைகள் உண்டு. லினக்ஸில் எல்லாம் ஒரே வாசலுக்குள் அடங்கும். ‘பிடபிள்யூடி’ என்று தட்டினால் நாம் நிற்கும் இடம் தெரியும். ‘எல்எஸ்’ அங்குள்ளவற்றைக் காட்டும். ‘சிடி’ வேறிடம் கொண்டு செல்லும். முதல் வாரத்திற்கு இம்மூன்றும் போதும்.

2. எழுத்து: ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு. ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

3. அனுமதி: ஒவ்வொரு கோப்பிற்கும் உரியவர், குழுவினர், மற்றவர் என மூவகையார் உண்டு. படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகை உரிமையும் உண்டு. பேரேட்டைப் பார்ப்பவர் எல்லாரும் அதில் எழுதலாமா? அதுபோலவே இதுவும். எல்லா உரிமையும் உடைய முதலாளிக்கு ‘ரூட்’ என்று பெயர். கட்டளையின் முன் ‘சூடோ’ சேர்த்தால் அவ்வதிகாரம் கிட்டும். அப்போது கடவுச்சொல்லைத் தட்டினால் பெரும்பாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. விசைப்பலகை பழுதென்று எண்ண வேண்டாம்.

4. அழித்தல்: ‘ஆர்எம்’ என்னும் கட்டளை கோப்பைக் குப்பைக் கூடையில் போடுவதன்று, ஒரேயடியாய் நீக்கிவிடும். அதனுடன் ‘சூடோ’வும் சேர்ந்தால் தடுப்பார் இல்லை. படித்துப் பார்த்த பிறகே விசையை அழுத்துக.

5. கேட்டறிதல்: ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரை இட்டால் அதன் விளக்கம் வரும். வெளியேற ‘க்யூ’வை அழுத்த வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கடைக் கணினியிலேயே பிள்ளை லினக்ஸை நிறுவ முனைந்தால் சற்றே நிறுத்துங்கள். நிறுவும்போது ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்று ஒரு வழி காட்டப்படும். அறியாமல் அதைத் தேர்ந்தால், பல ஆண்டுக் கொள்முதல் கணக்கும், வரவேண்டிய கடன் பாக்கியும் ஒரு சில நிமிடத்தில் போய்விடும். ஆகையால் கணக்கு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துக. அதன் பின்பும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோசுக்குள்ளேயே ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளால் தனிக் கணினி போல லினக்ஸை ஓட்டலாம். பழைய கணினி ஒன்று மூலையில் கிடந்தால் இன்னும் நல்லது. அதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

“இது எதற்கு உதவும்?” என்று பிள்ளையைத் தளர்த்தாதீர்கள். ஒரு கடையின் ஒழுங்கை மட்டும் அறிந்தவன் அக்கடைக்கே சிப்பந்தி. இரண்டின் ஒழுங்கையும் அறிந்தவன் மூன்றாவதைத் தானே நடத்துவான்.