பதிவும் பகிர்வும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

அச்சுக்கூடமும் முதலீடும் உடையவரே செய்தி வெளியிட முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. இணையம் அந்நிலையை மாற்றியது. இன்று திறன்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியீட்டாளரே. வெளியிடும் உரிமை எளிதாகக் கிடைத்துவிட்டது. அதற்குரிய பொறுப்பும் உடன் வந்ததா? பின்னலாடை நகரமாகிய திருப்பூரின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

வலைப்பதிவின் தோற்றம்

ஒருவர் தம் எண்ணங்களை இணையத்தில் நாள்வரிசைப்படி எழுதி வெளியிடும் பக்கம் வலைப்பதிவு எனப்படும். அண்மையில் எழுதியது மேலும் முன்னர் எழுதியது கீழுமாக அது அமையும். படிப்பவர் தம் கருத்தை அதன் அடியிலேயே தெரிவிக்கலாம். 1997ஆம் ஆண்டு அமெரிக்கரான யோர்ன் பார்கர் இத்தகைய பக்கத்தை ‘வெப்லாக்’ என அழைத்தார். 1999இல் அச்சொல் ‘பிளாக்’ எனச் சுருங்கியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘பிளாகர்’ என்னும் சேவை, கணினி நிரல் அறியாதவரும் எழுதி வெளியிட வழிசெய்தது.

சமூக வலைத்தளங்களும் இக்காலத்திலேயே வளர்ந்தன. 2004இல் ஆர்குட்டும் முகநூலும், 2006இல் ட்விட்டரும், 2009இல் புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பும் தோன்றின.

தமிழ் இணையம் ஏறிய வழி

தொடக்கக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்வதே அரிய செயலாக இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டு முறையைப் பின்பற்றியது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீட்டு எண்களை வழங்கிய ஒருங்குறி முறை, பின்னர் இச்சிக்கலைத் தீர்த்தது.

2003ஆம் ஆண்டுமுதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கின. தமிழகத்தோர், ஈழத்தமிழர், சிங்கப்பூர், மலேசியத் தமிழர், வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் எனப் பலரும் எழுதினர். சிதறிக் கிடந்த இப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியை 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கினார். வாரச்சந்தையில் பல ஊர்ச் சரக்குகளும் ஒருங்கே கிடைப்பதுபோல, அன்றன்று எழுதப்பட்ட பதிவுகள் அங்கு ஒருங்கே கிடைத்தன.

தெரிந்து தெளிவோம்

வலைப்பதிவு தமிழுக்குப் புதிய கலைச்சொற்களைத் தந்தது.
இடுகை (இடு + கை) – பதிவில் இடப்படும் ஒரு கட்டுரை.
பின்னூட்டம் (பின் + ஊட்டம்) – படித்தவர் தரும் கருத்து.
திரட்டி (திரட்டு + இ) – பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தளம். காட்டி, ஊக்கி என்பனபோல இச்சொல்லும் ‘இ’ விகுதி பெற்று அமைந்தது.

பின்னலாடை நகரின் பதிவுகள்

ஒரு பனியன் உருவாகப் பலர் கைபட வேண்டும். நூலைத் துணியாகப் பின்னுபவர், சாயமேற்றுபவர், வெட்டுபவர், தைப்பவர், பிசிறு நீக்குபவர், குறை பார்ப்பவர், தேய்த்து மடிப்பவர் எனத் தொழிலாளர் சங்கிலி நீள்கிறது. ஏற்றுமதி மதிப்பைக் கூறும் செய்திகளில் இவர்களுடைய வாழ்க்கைக்கு இடம் குறைவு. வலைப்பதிவு அவ்விடத்தை அளித்தது.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் பணியாற்றியபடியே ‘தேவியர் இல்லம்’ என்னும் வலைப்பதிவை எழுதியவர் ஜோதிஜி. இத்தொழிலின் நடைமுறைகளையும் அதை நம்பி வாழ்வோரின் நிலையையும் அவர் இணையத்தில் தொடராக எழுதினார். அத்தொடர் ‘டாலர் நகரம்’ என்னும் நூலாக 2013இல் வெளிவந்தது. தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதுவதற்கும் அதனுள்ளே உழைப்பவர் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. அந்த உள்ளிருப்போர் குரலே வலைப்பதிவு தமிழுக்குத் தந்த கொடை.

விரிவாக எழுத இடமிருந்தமை வலைப்பதிவின் மற்றொரு சிறப்பு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுற்றதும், அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்திற்கு உதவாமற் போனதும் நாம் அறிந்தவை. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவரின் நிலம் ஒருபுறம். தொழிலாளரின் கூலி மறுபுறம். இத்தகைய சிக்கலை இரண்டு வரிகளில் கூறிவிட இயலாது. இருபக்கத்தையும் எடுத்துரைக்க நீண்ட கட்டுரை தேவை. எழுதியவர் பெயரும் நாளும் அக்கட்டுரையில் இருப்பதால், தவறு நேர்ந்தால் பின்னூட்டத்தில் அவரைக் கேட்கவும் முடியும்.

எழுதுதலிலிருந்து பகிர்தலுக்கு

திறன்பேசி பரவியபின் நிலைமை மாறியது. வலைப்பதிவில் ஒருவர் சிந்தித்து எழுதினார். சமூக ஊடகத்தில் பிறர் உருவாக்கியதை விரல்நுனியால் தள்ளிவிட்டாலே போதும். புலனத்தில் வரும் செய்தியை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அனுப்பியவர் உறவினராகவோ நண்பராகவோ இருப்பதால் செய்தியும் உண்மையாகத்தான் இருக்கும் என மனம் நம்பிவிடுகிறது.

இந்நம்பிக்கை உயிர்களையும் பறித்துள்ளது. குழந்தை கடத்துவோர் என்ற வதந்தியால் 2018இல் இந்தியாவின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது.

ஒரு காணொலி, ஓர் ஊரின் அச்சம்

திருப்பூரும் இத்தகைய சோதனையைச் சந்தித்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் இங்குள்ள ஆலைகளில் பணியாற்றுகின்றனர். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்ற குறிப்புடன் காணொலிகள் சமூக ஊடகங்களில் பரவின. தொலைவிலிருந்த பெற்றோர் பதறினர். தொழிலாளர் பலர் அச்சமுற்று ஊர் திரும்ப முற்பட்டனர்.

காவல்துறை ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. பரவிய காணொலிகளுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினரிடையே நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவரிடையே நடந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து, திருப்பூரிலும் தொழிலாளரைச் சந்தித்தது. மாவட்ட நிருவாகமும் காவல்துறையும் இந்தியில் விளக்கமளித்து நம்பிக்கையூட்டின. பொய் பரப்பியோர்மீது வழக்குகள் பதியப்பட்டன.

காணொலியில் இருந்த காட்சி பொய்யன்று. அதனோடு சேர்த்த குறிப்பே பொய். அக்குறிப்பை எழுதியவர் மிகச் சிலரே. அதைப் பரப்பியோரோ எண்ணற்றோர். அவர்களுட் பலர் தீய நோக்கமற்றவர். தம்மவரை எச்சரிக்க வேண்டும் என்ற அக்கறையாலேயே அனுப்பியிருப்பர். ஆயினும் அச்சத்தைப் பரப்பிய கைகள் அவர்களுடையனவே. ஆகவே, பகிர்வதும் எழுதுவதே; பகிர்ந்தவரும் பொறுப்பாளரே.

பகிரும்முன்

கேட்டதை அப்படியே ஏற்காமல் அதன் உண்மையைத் தேடிக் காண வேண்டும் என வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வலியுறுத்துவார். ஒரு செய்தியைப் பகிரும்முன் இதனை முதலில் கூறியவர் யார், நிகழ்ந்த இடமும் நாளும் எவை, முழுக் காணொலியா அன்றித் துண்டா, நம்பத்தக்க வேறு ஊடகங்களிலும் வந்துள்ளதா என்று வினவுதல் வேண்டும். படத்தைக் கொண்டே தேடும் வசதி இணையத்தில் உண்டு. பழைய படம் புதிய குறிப்புடன் வருவதை அதனால் கண்டறியலாம். விடை கிடைக்காத செய்தியைத் தம்மோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு சமூகக் கடமையே.

பின்னலாடை ஆலையில் குறை பார்ப்பவர், தையல் விட்ட ஆடையை ஒதுக்கிய பின்னரே பெட்டி கட்டப்படுகிறது. தம் பெயரால் வெளியே செல்லும் செய்திக்கும் அத்தகைய சோதனையைச் செய்யும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தொழில் ஒன்றைப் பற்றி, அதில் ஈடுபட்டிருப்பவரிடம் கேட்டறிந்து, வலைப்பதிவில் இடத்தக்க இடுகை ஒன்றை எழுதுக.
2. புலனத்தில் வந்த செய்தி ஒன்றின் உண்மையை ஆராய்ந்து, நீங்கள் பின்பற்றிய படிநிலைகளை வகுப்பறையில் விளக்குக.
3. ‘பகிர்வதும் எழுதுவதே’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் கலந்துரையாடுக.